0.7 மில்லிமீட்டர்: ஒரு குண்டுவீச்சு விமானத்தை மாடலாகச் செய்தபோது

"ஏன்டா, ஊரை எரிச்ச ஏரோப்ளேனைப் போய் இப்படிக் கொஞ்சிக் கொஞ்சிப் பண்றியே?"

செமஸ்டர் லீவில் அம்மா கேட்ட கேள்வி இது. அப்போது நான் சாப்பாட்டு மேசையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, கையில் இடுக்கியோடு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு துப்பாக்கிக் குழலை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊசியை விட மெல்லிய குழல். பதில் சொல்ல வாயைத் திறந்தால் பறந்து போய்விடும். அதனால் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது என்னிடம் பதிலும் இல்லை.

மாடல் முடிந்து இப்போது அலமாரியில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய அவ்ரோ லங்காஸ்டர். நான்கு என்ஜின், கறுப்பு வயிறு, இரட்டை வால். இதைச் செய்து முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் பசையும் பெயின்ட்டும் பற்றிக் கற்றதை விட, ஒரு கதவைப் பற்றிக் கற்றதுதான் அதிகம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அம்மாவுக்கான பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஏன் 1/72?

முதலில் அளவு. மாடல் பெட்டிகளில் 1/72 என்று போட்டிருப்பார்கள். அதாவது நிஜ விமானத்தை 72 மடங்கு சுருக்கியிருக்கிறார்கள். 50, 100 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளாமல் இதென்ன 72? காரணம் எளிது. இது அடி, அங்குலக் கணக்கு. 6 அடி என்பது 72 அங்குலம். ஆகவே நிஜத்தில் 6 அடி இருப்பது மாடலில் 1 அங்குலம். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் ஓர் அங்குலம். 1930களில் பிரிட்டனில் மரத்தில் செய்த சிறு விமான மாடல்கள் இந்த அளவில் வந்து பிரபலமாயின. 1936-ல் ஃப்ராக் என்ற நிறுவனம் பிளாஸ்டிக்கில் இதே அளவில் மாடல்கள் விற்க ஆரம்பித்தது.

பொம்மை விளையாட்டாகத் தொடங்கிய இந்த அளவை ராணுவமும் எடுத்துக்கொண்டது என்பதுதான் சுவாரசியம். 1942-ல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தது. நம் விமானம், எதிரி விமானம் எல்லாவற்றையும் 1/72 அளவில் மரத்தில் செதுக்கி, கறுப்புச் சாயம் பூசி அனுப்புங்கள் என்று. கேட்ட எண்ணிக்கை 5 லட்சம்! எதற்கு? வீரர்களுக்கு விமானங்களை அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க. 35 அடி தூரத்தில் வைத்த 1/72 மாடல், சுமார் அரை மைல் தூரத்தில் பறக்கும் நிஜ விமானம் மாதிரியே கண்ணுக்குத் தெரியும். (35-ஐ 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,520 அடி.) வானத்தில் வருவது நம்மவனா எதிரியா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நம் ஆளையே சுட்டுவிடுவோம்.

ஆக, மாடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிஜத்தில் உயிர் போகலாம் என்பது புதிய விஷயம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தோல்வியில் பிறந்த விமானம்

லங்காஸ்டருக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் மான்செஸ்டர். அவ்ரோ நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ராய் சாட்விக் வடிவமைத்தது. அதற்கு வல்ச்சர் என்ற பெரிய என்ஜின்கள் இரண்டு. காகிதத்தில் பார்த்தால் பிரமாதம், பறந்தால் பிரச்சினை. என்ஜின்கள் அடிக்கடி பழுதாகி நடுவானில் நின்றன. இரண்டில் ஒன்று நின்றால் மற்றதால் விமானத்தைத் தாங்க முடியவில்லை.

சாட்விக் செய்தது புத்திசாலித்தனமான காரியம். உடற்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு இறக்கையை நீட்டினார். இரண்டு வல்ச்சருக்குப் பதில் நான்கு மெர்லின் என்ஜின்களைப் பொருத்தினார். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தில் இருந்த அதே மெர்லின். 1941 ஜனவரி 9 அன்று அது முதல்முறை பறந்தது. 1942 மார்ச்சில் போருக்கே போய்விட்டது. போர் முடிந்து உற்பத்தி நின்றபோது செய்யப்பட்ட மொத்த லங்காஸ்டர்கள் 7,377. அவற்றில் 430 கனடாவில் செய்யப்பட்டவை.

இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 102 அடி. மாடலில் 43 செ.மீ. நீளம் மாடலில் 29 செ.மீ. என் அலமாரியில் வைக்க இரண்டு இன்ஜினியரிங் புத்தகங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. (வருத்தமில்லை.)

சாட்விக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1947-ல் வேறொரு அவ்ரோ விமானத்தின் சோதனைப் பறத்தலில் அவர் இறந்துபோனார். விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடுகளின் கட்டுப்பாட்டு இணைப்பைப் பராமரிப்பின்போது இடம் வலம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். ஒரு சின்ன இணைப்பு. அவ்வளவுதான்.

உள்ளே ஏழு பேர்

மாடல் செய்கிறவர்கள் முதலில் செய்வது வெளிப்பக்கம் இல்லை, உட்பக்கம். உடற்பகுதி இடது பாதி, வலது பாதி என்று இரண்டு துண்டாக இருக்கும். அவற்றை ஒட்டும் முன்பே உள்ளே இருக்கை, மேசை, கருவிப் பலகை எல்லாவற்றையும் வண்ணம் தீட்டி வைத்துவிட வேண்டும். மூடிய பிறகு முக்கால்வாசி தெரியாது. பிறகு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டால்... அது உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமே, அதற்காகத்தான்.

லங்காஸ்டரில் ஏழு பேர். முன்மூக்கில் குப்புறப் படுத்திருப்பவர் குண்டு குறிபார்ப்பவர். அவருக்கு மேலே, பின்னால் பைலட். பைலட் ஒரே ஒருவர்தான், துணை பைலட் கிடையாது! பக்கத்தில் ஃப்ளைட் இன்ஜினியர். அவர்களுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் வரைபடத்தோடு நேவிகேட்டர். அடுத்து ரேடியோக்காரர். நடு முதுகில் ஒரு துப்பாக்கிக் கூண்டு, அதில் ஒருவர். எல்லோருக்கும் கடைசியில், வாலில், தன்னந்தனியாக ஒருவர்.

உட்பகுதியை ஒட்டும்போது ஒரு விஷயம் கையில் தட்டியது. இறக்கைகளைத் தாங்கும் ஸ்பார் எனப்படும் உத்திரம், உடலின் குறுக்கே ஒரு சுவர் மாதிரி போகிறது. இடுப்புயர வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்து பின்னால் போக வேண்டுமென்றால் அதன் மேல் ஏறிக் குதித்துத்தான் போக வேண்டும். தடித்த உடை, பாராசூட் வார்கள், கும்மிருட்டு, விமானம் வேறு தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது என்றால்?

வால்காரரின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய கூண்டுக்குள் பாராசூட் வைக்கவே இடம் இல்லை. அது கூண்டுக்கு வெளியே, உடற்பகுதிக்குள் தொங்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்பக்கமாக வானத்தில் விழ வேண்டும். இதில், எதிரி சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பல வால்காரர்கள் தங்கள் முன்னால் இருந்த கண்ணாடித் தகட்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள். உறைய வைக்கும் குளிர்காற்றில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் என் மாடலில் அந்தக் கண்ணாடித் துண்டை வெட்டி எடுத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. பார்க்கிறவர்கள், "இங்க ஒரு பீஸ் உடைஞ்சு போச்சே" என்கிறார்கள்.

நம் வயசுப் பையன் ஒருவன்

இப்போது கதைக்குள் ஒரு மாணவன் வருகிறான். பெயர் ஃப்ரீமன் டைசன். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளர், 2020-ல் 96 வயதில் மறைந்தார். ஆனால் 1943 ஜூலையில் அவர் கேம்பிரிட்ஜில் இரண்டு வருடம் மட்டும் படித்துவிட்டு வந்த 19 வயசுப் பையன். நம் செகண்ட் இயர்! கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் அவரை பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் ஆய்வுப் பிரிவில் போட்டார்கள். வேலை என்ன? எத்தனை விமானம் போகிறது, எத்தனை திரும்பி வருகிறது, ஏன் வரவில்லை என்று புள்ளிவிவரம் பார்ப்பது.

அந்தப் புள்ளிவிவரம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு குழு 30 முறை பறந்து முடித்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு கிடைக்கும். 1943-44 குளிர்காலத்தில் பெர்லின் மீது பறந்தபோது ஒவ்வொரு இரவும் சராசரியாக சுமார் 5% விமானங்கள் திரும்பவில்லை. "வெறும் 5 தானே" என்று தோன்றும். கால்குலேட்டரை எடுங்கள். 0.95-ஐ 30 தடவை பெருக்குங்கள். 0.21 வருகிறது. அந்த நிலை அப்படியே நீடித்தால், 100 பேரில் 21 பேர்தான் சுற்றை முடிப்பார்கள்.

போர் முழுவதும் சேர்த்து இந்தப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. அதாவது 44%. எங்கள் வகுப்பில் 60 பேர் இருக்கிறோம். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 26 பேருக்கு பதில் வரவில்லை என்று கற்பனை செய்து பார்த்தேன். அவர்களும் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள்தான்.

அந்தக் கதவு

டைசனின் ஆபீசில் மைக் ஓ'லாஃப்லின் என்று ஒரு சக ஊழியர். அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். விமானம் சுடப்பட்டு விழுகிறது, சரி. ஆனால் அதிலிருந்து எத்தனை பேர் குதித்துத் தப்பிக்கிறார்கள்?

டைசன் பிற்பாடு எழுதிய கணக்கு இது. பகலில் பறந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தபோது அவற்றில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தப்பினார்கள். பிரிட்டனின் பழைய இரவு விமானங்களான ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் இரண்டிலும் சுமார் 25%. லங்காஸ்டரில்? 15% மட்டுமே!

புது விமானம், வேகமானது, அதிக எடை சுமப்பது, எல்லோரும் கொண்டாடியது. ஆனால் விழுந்தால் உள்ளேயே சாவு. ஏன்?

ஒரு முக்கியக் காரணம், தரையில் இருந்த கதவு. லங்காஸ்டரின் முன்மூக்கில், குண்டு குறிபார்ப்பவர் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு சின்ன அவசர வழி உண்டு. முன்பகுதியில் இருப்பவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் குதிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. ஆனால் அதன் வழியாகக் குதித்தால் வால் இறக்கையில் அடிபடும் ஆபத்து. அந்த முன்வழியின் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸில் 24 அங்குலம்.

2 அங்குலம்தான் வித்தியாசம்.

தடித்த உடையும் பாராசூட்டும் மாட்டிய ஒருவருக்கு, நெருப்புப் பிடித்துச் சுழன்று விழும் விமானத்தில், அந்த 2 அங்குலம் பெரிய தூரம். ஓ'லாஃப்லின் கதவைப் பெரிதாக்கச் சொல்லி விடாமல் போராடினார். மாற்றம் நடைமுறைக்கு வருவதற்குள் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இந்தத் தாமதம் பல ஆயிரம் இளைஞர்களின் உயிரைக் குடித்தது என்பது டைசனின் கணிப்பு.

இதைப் படித்த அன்று இரவு என் மாடலைக் கவிழ்த்துப் போட்டேன். மூக்குக்கு அடியில் அந்தக் கதவு இருந்தது. கதவு என்று கூடச் சொல்ல முடியாது, பிளாஸ்டிக்கில் கீறிய ஒரு மெல்லிய கோடு. அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. துப்பாக்கிக் குழலுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்த நான், இதன் மேல் ஒரே இழுப்பில் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தேன்.

கணக்குப் போட்டேன். 22 அங்குலம் என்பது 1/72-ல் 7.8 மி.மீ. 24 அங்குலம் என்றால் 8.5 மி.மீ. வித்தியாசம் 0.7 மி.மீ. கை விரல் நகத்தின் தடிமனை விடக் கொஞ்சம் அதிகம். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்தால் போய்விடும்.

பிறகு ஒரு பரிசோதனை செய்தேன். ஒரு பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு துளை வெட்டினேன். ஒன்று 7.8 மி.மீ., மற்றது 8.5 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளந்து அளந்து சரிசெய்தேன். (லேபில் கற்றது முதல்முறை வாழ்க்கையில் உதவியது.) கிட்டோடு வந்த ஆள் பொம்மை ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டரை செ.மீ. கூட இல்லாத ஆள். இரண்டு துளையிலும் சுலபமாக விழுந்தான். சரி, இவனுக்கு பாராசூட் இல்லையே என்று, பட்டி கொஞ்சம் எடுத்து மார்பில் ஒரு பொட்டலம் மாதிரி ஒட்டி, தோளில் உடையின் தடிமனுக்காக லேசாகப் பூசிக் காயவைத்தேன்.

மறுநாள் காலையில் பெரிய துளையில் உரசிக்கொண்டு இறங்கினான். சின்னத் துளையில் மார்போடு மாட்டிக்கொண்டான்.

இது விஞ்ஞான ஆதாரம் இல்லை, எனக்குத் தெரியும். பட்டி நான் பூசியது. கொஞ்சம் குறைத்துப் பூசியிருந்தால் இரண்டிலும் விழுந்திருப்பான். ஆனால் மேசை விளக்கின் கீழே, தலை ஒருபக்கம் கால் ஒருபக்கம் என்று தொங்கிய அந்தக் குட்டி ஆளைப் பார்த்தபோது, 15%, 25% என்ற எண்கள் எண்களாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடுக்கியால் பிடித்து அவனை மெதுவாக மேலே இழுத்து எடுத்தேன்.

கவிழ்த்துப் பார்த்தால்

கவிழ்த்த மாடலில் இன்னொன்றும் தெரிந்தது. லங்காஸ்டரின் மேல்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காக்பிட், முதுகுக் கூண்டு, வால் கூண்டு. மொத்தம் எட்டுத் துப்பாக்கிகள். வயிற்றுப் பக்கம்? நடுவில் நீளமான குண்டு அறைக் கதவுகள், பின்னால் எச்2எஸ் ரேடாரின் முட்டை வடிவ மூடி. மற்றபடி வழவழவென்று கறுப்பு. நேர் கீழே பார்க்கும் துப்பாக்கிக் கூண்டு பெரும்பாலான லங்காஸ்டர்களில் இல்லை.

ஜெர்மானியர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கள் இரவுச் சண்டை விமானங்களில் துப்பாக்கியை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினார்கள். இருட்டில் லங்காஸ்டருக்கு அடியில் ஓசைப்படாமல் வந்து, இறக்கையில் இருந்த பெட்ரோல் டாங்கைப் பார்த்துச் சுடுவார்கள். 1943 ஆகஸ்டில் இது பெரிய அளவில் தொடங்கியது. சுடப்பட்டவர்களில் பலருக்கு எங்கிருந்து சுட்டார்கள் என்பதே தெரியாது. தெரிந்தவர்கள் திரும்பி வந்து சொல்லவும் இல்லை.

டைசனின் ஆபீசுக்கு இது புள்ளிவிவரத்தில் ஒரு புதிராக வந்தது. அனுபவம் கூடக் கூட உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்பதுதான் படையில் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. அவர் கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. முதல்முறை பறப்பவனும் இருபத்தைந்தாவது முறை பறப்பவனும் ஒரே மாதிரி விழுந்தார்கள். பார்க்கவே முடியாத இடத்திலிருந்து அடி விழுந்தால் அனுபவம் என்ன செய்யும்? அந்த எண்கள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று அவர் கடைசி வரை வருந்தினார்.

துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றிவிட்டால் எடை குறையும், வேகம் கூடும், ஆட்களும் குறைவாகச் சாவார்கள் என்று அவர் பிரிவில் ஒரு யோசனையும் இருந்தது. ஏற்கப்படவில்லை. மாடல் செய்யும்போது நாம் அதிகம் ரசிப்பது அந்தக் கூண்டுகளைத்தான் என்பது எனக்கு உறுத்தியது.

குண்டு அறை

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏனென்றால் இதுவரை நான் பேசியது விமானத்துக்குள் இருந்தவர்களைப் பற்றி மட்டும்.

லங்காஸ்டரின் குண்டு அறை 33 அடி நீளம். மாடலில் 14 செ.மீ. கிட்டில் குண்டுகளும் வரும். டிரம் மாதிரி ஒரு பெரிய குண்டு, அதற்கு வீரர்கள் வைத்த செல்லப்பெயர் 'குக்கி'. நிஜத்தில் 4,000 பவுண்டு, அதாவது 1,800 கிலோ. அதைச் சுற்றிச் சிறிய தீக்குண்டுகள் நிறைந்த பெட்டிகள். இந்தச் சேர்க்கை தற்செயல் இல்லை. பெரிய குண்டு கூரைகளையும் ஜன்னல்களையும் பெயர்க்கும். திறந்த வீட்டுக்குள் தீக்குண்டுகள் விழும். காற்று புகுந்து எரியும். வீடுகளை எரிப்பதற்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு.

டைசன் வேலைக்குச் சேர்ந்த அதே வாரம், 1943 ஜூலை 27 இரவு, 700க்கும் மேற்பட்ட விமானங்கள் ஹாம்பர்க் நகரத்தின் மீது பறந்தன. கோடை வெப்பம், காய்ந்த காற்று. தனித்தனித் தீ எல்லாம் சேர்ந்து ஒரே தீயாகி, புயல் மாதிரி காற்றை உள்ளே இழுத்தது. தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹாமர்புரோக் போன்ற பகுதிகள் ஒரே இரவில் அழிந்தன. நிலவறைகளில் பதுங்கியவர்கள் நச்சுப்புகையிலேயே இறந்தார்கள். அந்தப் பத்து நாள் தாக்குதல்களில் ஹாம்பர்க்கில் இறந்தவர்கள் சுமார் 37,000 பேர். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்தான் பெரும்பகுதி.

விமானங்களை ஏவியவர்கள் இதைப் போரை முடிக்கும் வழி என்று நம்பினார்கள். ஹிட்லரின் ஜெர்மனிதான் முதலில் வார்ஸாவையும் ராட்டர்டாமையும் லண்டனையும் குண்டு போட்டு எரித்தது என்பதும் உண்மை. ஆனால் ஹாமர்புரோக் நிலவறையில் இருந்த ஒரு குழந்தைக்கு இந்த இரண்டு வாக்கியத்தாலும் ஒரு பயனும் இல்லை.

கிட்டில் ஹாம்பர்க் வராது. எந்த மாடல் பெட்டியிலும் கீழே இருந்த ஊர் வராது. 72 மடங்கு சுருக்கும்போது ஒரு விமானம் மேசைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அது பறந்த உயரத்தை அதே அளவில் வைத்தால்? 20,000 அடியை 72-ஆல் வகுத்தால் 278 அடி. அதாவது என் மாடலை ஒரு இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்து, தரையில் அதே அளவில் சுருக்கிய வீடுகளை அடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வீடு தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரியும். மேலே இருந்த இருபது வயசுப் பையன்களும் பார்த்தது அவ்வளவுதான்.

வால் கூண்டில் ஒருவர்

முடிக்கும் முன் ஒரு சம்பவம். 1944 ஜூன் 12 நள்ளிரவையொட்டி, பிரான்சில் காம்ப்ரே நகரத்தை நோக்கிப் பறந்த ஒரு கனடிய லங்காஸ்டர் சுடப்பட்டது. நடுக்கூண்டில் இருந்தவர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. குதிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பின்கதவுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தால், வால் கூண்டு சிக்கிக்கொண்டு அதற்குள் பாட் ப்ரோஃபி என்ற நண்பர். நடுவில் தீ. மைனார்ஸ்கி தீக்குள் தவழ்ந்து போய்க் கூண்டைத் திறக்க வெறுங்கையால் போராடினார். முடியவில்லை. போய்விடு என்று ப்ரோஃபி கையசைத்தார். எரியும் உடையோடு பின்வாங்கிய மைனார்ஸ்கி, கதவருகில் நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்துவிட்டிருந்தது. அவர் இறந்தார்.

ஆச்சரியம், விமானம் தரையில் மோதியபோது கூண்டு பிய்ந்து தெறிக்க, ப்ரோஃபி உயிர் பிழைத்தார்! நடந்ததை அவர் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1946-ல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இன்று உலகத்தில் பறக்கும் லங்காஸ்டர்கள் இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டனில், ஒன்று கனடாவில். கனடாவில் இருப்பது மைனார்ஸ்கியின் விமானத்தின் எழுத்துகளைத் தாங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துக்கு வெளியே 2018-ல் திறந்த நினைவகத்தில் ஒரு இரும்புக் கோபுரம் இருக்கிறது. உயரம் 102 அடி. எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதா? லங்காஸ்டரின் இறக்கை நீளம் அது. சுற்றிலும் சுவர்களில் கிட்டத்தட்ட 58,000 பெயர்கள்.

அம்மாவுக்கு

கடைசி வாரத்தில் டெக்கால் ஒட்டி, என்ஜின் புகைக்கறையை இறக்கை மேல் பழுப்பாகத் தேய்த்து, மாடலை முடித்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை செய்தேன். போட்டிக்கு வைத்தால் மார்க் குறையும். மூக்குக்கு அடியில் கோடாக இருந்த அந்தக் கதவைக் கத்தியால் வெட்டித் திறந்துவிட்டேன். 7.8 மி.மீ. கொஞ்சமும் கூட்டவில்லை. அலமாரியின் அடித்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறேன், குனிந்து பார்த்தால் அந்தத் துளை தெரியும்.

அம்மா ஒருநாள் தூசி தட்டும்போது கேட்டாள், "இது என்னடா ஓட்டை?"

சொன்னேன். கதவைப் பற்றி, 2 அங்குலத்தைப் பற்றி, ஹாம்பர்க்கைப் பற்றி. கையில் துணியோடு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "மேல இருந்ததும் புள்ளைங்க, கீழ இருந்ததும் புள்ளைங்க" என்று மட்டும் சொன்னாள். துளையைச் சுற்றித் துணி சிக்காமல் மெதுவாகத் துடைத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவு கொஞ்சிக் கொஞ்சி இதை ஏன் செய்தேன் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு கம்பீரமான விமானம். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் செய்தால்தான் அதில் ஆட்கள் இருந்தது தெரிகிறது. உள்ளேயும், கீழேயும்.